குழந்தைகளின் நரம்பைக் காட்டும் ஒலி



பயிர் வாடினால் நாம் இலையை மட்டும் பார்த்து நின்றுவிடுவதில்லை. மண்ணைக் கிளறி வேரையும் பார்க்கிறோம். குழந்தையின் தோலில் உணர்ச்சியற்ற தேமல் தோன்றினால், அங்கும் வேரைப் பார்த்தல் வேண்டும். அந்த வேர்தான் நரம்பு. அதனைக் கத்தியின்றி, வலியின்றிப் பார்க்கும் முறை ஒன்றைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

தொழுநோய் சாபமன்று, பரம்பரை வியாதியுமன்று. அது கிருமியால் வருவதென்பதை 1873-இல் நார்வே நாட்டு வைத்தியர் ஹான்சன் கண்டறிந்தார். நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டின் இறுதிக்குள் இந்நோய் 10,000 பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே குறைந்தது. ஆயினும் அற்றுப்போய்விடவில்லை. குழந்தை ஒன்றுக்கு இந்நோய் கண்டால், சிகிச்சை பெறாத நோயாளி எவரோ அண்மையில் இருக்கிறார் என்று கொள்ள வேண்டும்.

இக்கிருமி நரம்பில் தங்கி அதனை வீங்கச் செய்கிறது. நாளடைவில் உணர்ச்சி குன்றும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கும். பாதம் தொய்ந்து இழுபடும். அடுப்புச் சூடு கையில் பட்டாலும் குழந்தை அறியாது.

முழங்கையின் உட்புறம் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீர் என்று பாய்கிறதன்றோ? அங்கே செல்லும் நரம்பை வைத்தியர் விரலால் தடவிப் பார்த்து, தடித்துள்ளதா என்று அறிவது வழக்கம். ஆனால் குழந்தையின் நரம்பு மெல்லியது. ஒருவர் விரலுக்குத் தடிப்பாகப் படுவது மற்றொருவருக்குப் படாமற் போகலாம். இங்கேதான் அல்ட்ராசவுண்டு கருவி துணை செய்கிறது.

மனிதனின் செவி விநாடிக்கு 20,000 அதிர்வு வரையிலான ஒலியையே கேட்கும். நரம்பைப் பார்க்கும் கருவியோ 1 கோடிக்கும் மேற்பட்ட அதிர்வுகளை அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியைப் படமாக்குகிறது. கர்ப்பிணிகளுக்குச் செய்யும் ஸ்கேன் போன்றதே இதுவும். எக்ஸ்ரே கதிர் இதில் இல்லை. குழந்தை தாயின் மடியிலேயே அமர்ந்திருக்கலாம். நல்ல நரம்பின் குறுக்குத் தோற்றம் தேனடை போலிருக்கும். வீங்கிய நரம்போ பருத்து, அக்கண்கள் மங்கித் தோன்றும். அழற்சி மிகுந்தால் நரம்பினுள் இரத்த ஓட்டம் கூடியிருப்பதையும் காணலாம்.

எனினும் ஓர் எச்சரிக்கை. நாற்றங்காலில் நிற்கும் நாற்றைக் கதிர் விட்ட பயிரோடு ஒப்பிட்டுக் குட்டை என்று சொல்லலாமா? வயதும் வளர்த்தியும் ஏற ஏறக் குழந்தையின் நரம்பும் பருக்கிறது. ஆகையால் பெரியவர்களின் அளவைக் குழந்தைக்கு வைத்துப் பார்த்தல் தவறு. அந்தந்த வயதுக்குரிய அளவோடும் மறுகையோடும் ஒப்பிட வேண்டும். மேலும், படம் நரம்பின் வடிவத்தையே காட்டும். அது வேலை செய்கிறதா என்பதை அறிய, தொடு உணர்ச்சியையும் தசை வலிவையும் சோதித்தே ஆகவேண்டும்.

இக்கருவி பெரிய ஆஸ்பத்திரிகளிலேதான் கிடைக்கும். அதற்காகக் காத்திராதீர்கள். வெளிறிய அல்லது சிவந்த, உணர்ச்சியற்ற தேமலைக் கண்டவுடன் குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். 6 மாதமோ 12 மாதமோ உண்ண வேண்டிய கூட்டு மருந்து அரசினரால் இலவசமாக வழங்கப்படுகிறது. நரம்புக் கேடு தோன்றி 6 மாதத்திற்குள் தக்க சிகிச்சை தொடங்கினால் இழந்த வலிவு மீள்வதற்கு வாய்ப்பு அதிகம். நாள் கடந்தால் அது அரிது.

பஞ்சாயத்தார் செய்யக்கூடியது மிகுதி. மருந்து உண்ணத் தொடங்கிய சில நாட்களிலேயே நோய் பரவுவது நின்றுவிடும். ஆகையால் அக்குழந்தையைப் பள்ளியிலிருந்து விலக்க விடாதீர்கள். வீட்டாரையும் அண்டை அயலாரையும் பரிசோதனைக்கு வரச் செய்யுங்கள். காந்தியடிகள் மறைந்த ஜனவரி 30-ஆம் நாள் தொழுநோய் ஒழிப்பு நாளாக நாடெங்கும் கொள்ளப்படுகிறது. அன்று ஊரைக் கூட்டி இவற்றை எடுத்துரையுங்கள்.

மடங்கிய விரலை நிமிர்த்துவது வைத்தியருக்கும் கடினம். மடங்காமற் காப்பதோ நம் ஒவ்வொருவராலும் ஆகக்கூடிய காரியம்.