நாம்தான் இந்த நாட்டின் பழைய ரிசர்வ் படை

(சிதம்பரத்தில் இளைஞர்கள் கூடிய கருத்தரங்கம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



2025 மே மாதம் எல்லையில் பதற்றம் எழுந்தபோது ஒன்றிய அரசு ஓர் ஆணை போட்டது. டெரிட்டோரியல் ஆர்மி என்கிற பிராந்திய ராணுவத்தின் 32 காலாட்படைப் பிரிவுகளில் 14 பிரிவுகளைத் தேவைப்பட்டால் பணிக்கு அழைத்துக்கொள்ளலாம் என்று தரைப்படைத் தளபதிக்கு அதிகாரம் கொடுத்தது. 1948 சட்டத்தின்படி உருவான படை அது. வேறு வேலையில் இருப்பவர்கள் வருடத்தில் கொஞ்ச நாள் பயிற்சி எடுப்பார்கள். அழைத்தால் சீருடை போட வேண்டும்.

அப்போதிருந்து நம் பிள்ளைகளின் வாட்சப் குழுக்களில் ஒரு விவாதம் ஓடுகிறது. போர் வந்தாலும் புயல் வந்தாலும் உடனே இறங்குவதற்கு நாடு முழுக்க ஒரு பெரிய ரிசர்வ் படை வேண்டும் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். ராணுவம் என்ற பேச்சே நமக்கு வேண்டாம் என்று இன்னொரு பக்கம் சொல்கிறார்கள். அப்படி ஒரு படை வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஆனால் எந்த நிபந்தனையில் என்பதைச் சொல்லாமல் நாம் கை தூக்கக் கூடாது. அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

நான் கொள்ளிடக் கரைக்காரன். 2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி வந்த தண்ணீர் அக்கரை ஜெயங்கொண்டபட்டினம், திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி என்று ஆற்றோர ஊர்களைச் சூழ்ந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எங்கள் ஊரிலும் ஊர்த்தெரு மேட்டில் இருக்கிறது, காலனி பள்ளத்தில் இருக்கிறது. யார் எங்கே குடியிருக்க வேண்டும் என்பதைத் தண்ணீர் முடிவு செய்யவில்லை. விடிவதற்குள் எங்கள் வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். காலையில் ஒரு படகு வந்தது. மேட்டுத் தெருவில் ஏற்றி முடித்துவிட்டு வருகிறோம் என்றார்கள். அது எங்களிடம் வரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. அதற்குள் என் சித்தப்பாவும் இன்னும் நான்கு பையன்களும் லாரி டியூப்புகளைச் சேர்த்துக் கட்டி, ஆயாக்களையும் கைக்குழந்தைகளையும் கரையேற்றிவிட்டார்கள்.

படகு ஓட்டி வந்தவரை நான் குறை சொல்லவில்லை. அவர் வெளியூர்க்காரர், யாரோ கைகாட்டிய பக்கம் போனார். கைகாட்டும் அதிகாரம் யாருக்கு இருந்தது என்பதுதான் என் கேள்வி.

இனி கொஞ்சம் வரலாறு. கடலூர் தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டை இருக்கிறதே, ஆங்கிலேயர் காலத்து இந்திய ராணுவத்தின் கதையில் அது முக்கியமான இடம். 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்களிடம் இழந்த கம்பெனிக்கு அதுதான் தலைமையிடமானது. 1748இல் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் அங்கே வந்து சிப்பாய்களைத் திரட்டிப் பயிற்சி கொடுத்தார். அவரைத்தான் இந்திய ராணுவத்தின் தந்தை என்று எழுதுகிறார்கள். பின்னால் வளர்ந்த சென்னைப் படையில் பறையர் சமூகத்தவர் ஏராளமாகச் சேர்ந்தார்கள். பம்பாய்ப் படையில் மகர்கள் இருந்தார்கள். பாபாசாகேப் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி ராணுவத்தில் சுபேதார்.

அதே வெள்ளைக்காரன்தான் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'போர்க்குணம் கொண்ட இனங்கள்' என்று ஒரு கொள்கையைக் கொண்டுவந்தான். சென்னைச் சிப்பாய்க்கு வீரம் போதாது என்றார் தலைமைத் தளபதி ராபர்ட்ஸ். 1890களின் தொடக்கத்தில் மகர்களைச் சேர்ப்பது நின்றது. முதல் உலகப் போர் வந்து ஆள் போதாமல் போனதும் 1917இல் மகர்களுக்கென்று ஒரு பிரிவு தொடங்கினார்கள். போர் முடிந்தது, 1921இல் கலைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அம்பேத்கர் விடாமல் வற்புறுத்திய பிறகு 1941இல் மகர் ரெஜிமென்ட் வந்தது. 1943இல் சமார் ரெஜிமென்ட் தொடங்கினார்கள், 1946இல் கலைத்தார்கள்.

தேவைப்பட்டால் கூப்பிடு, தேவை தீர்ந்தால் அனுப்பு. ரிசர்வ் என்ற சொல்லை நாம் இன்றைக்குப் புதிதாகக் கேட்கிறோம். ஆனால் இந்த நாட்டின் பழைய ரிசர்வ் படை நாம்தான் தோழர்களே.

போரில் மட்டுமா? 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேவனாம்பட்டினம் தொடங்கி பிச்சாவரம் பக்கத்து எம்.ஜி.ஆர். திட்டு வரை பிணங்கள் கிடந்தன. அன்று தமிழ்நாட்டுக் கரையில் அழுகிய உடல்களை அள்ள யாரை அழைத்தார்கள்? வெளியூர் நகராட்சிகளிலிருந்து தூய்மைப் பணியாளர்களைக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் அருந்ததியர்கள். நெருக்கடி என்றால் முதலில் அழைப்பது அவர்களை. அதே சுனாமியின் நிவாரணத்தில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன.

அதன் பிறகுதான் 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன் 61ஆவது பிரிவைப் படியுங்கள். இழப்பீட்டிலும் நிவாரணத்திலும் பாலினம், சாதி, சமூகம், வம்சம், மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. நல்ல பிரிவு. ஆனால் அது இழப்பீட்டையும் நிவாரணத்தையும்தான் சொல்கிறது. படகு எந்தத் தெருவுக்கு முதலில் வர வேண்டும் என்று சொல்லவில்லை. எங்கள் காலனிக்குச் சாயங்காலம் வந்த படகை அந்தப் பிரிவில் எங்கே வைத்துக் கேட்பது?

இந்தச் சட்டத்தின் கீழ் வந்ததுதான் என்.டி.ஆர்.எஃப். என்கிற தேசியப் பேரிடர் மீட்புப் படை. நமக்கு அருகில் இருக்கும் அதன் பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. சிதம்பரத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கிக் கடலூரைச் சூழ்ந்ததே, அதுபோன்ற இரவில் அவர்கள் வந்து சேரும்வரை முதல் சில மணி நேரம் யாருடையது? மீனவர்களுடையது, லாரி டியூப் கட்டும் பையன்களுடையது. 2018 கேரள வெள்ளத்தில் மீனவர்கள் மீட்டது 65,000 பேர் என்று அந்த அரசே சொன்னது. அவர்கள் எந்தப் படையிலும் இல்லை. ஆகவே உள்ளூரில் பயிற்சி பெற்ற ஒரு ரிசர்வ் படை தேவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் படை நல்லதா கெட்டதா என்பது அதன் சீருடையில் இல்லை, ஆணையிடுபவரிடம் இருக்கிறது. அமெரிக்காவில் நேஷனல் கார்டு என்ற ரிசர்வ் படை உண்டு. புயலுக்கும் வரும், போருக்கும் போகும். 1957 செப்டம்பரில் லிட்டில் ராக் என்ற ஊரில் 9 கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் பள்ளிக்குள் நுழைய முயன்றபோது, மாநில ஆளுநர் இதே படையை நிறுத்தி அவர்களைத் தடுத்தார். சில வாரங்களில் குடியரசுத் தலைவர் ஐசனோவர் அந்தப் படையைத் தன் ஆணைக்குக் கீழ் எடுத்து, கூடவே ராணுவத்தையும் அனுப்பி, மாணவர்களைப் பாதுகாப்போடு பள்ளிக்குள் அனுப்பினார். அதே படை, ஆணை மட்டும் மாறியது. 1970இல் கென்ட் பல்கலைக்கழகத்தில் போரை எதிர்த்த மாணவர்கள்மீது சுட்டு 4 பேரைக் கொன்றதும் நேஷனல் கார்டுதான். துப்பாக்கி மாணவன் பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்று சிதம்பரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1965 ஜனவரி 27 அன்று இந்தித் திணிப்பை எதிர்த்த அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரனைப் போலீஸ் குண்டு கொன்றது இங்கேதான்.

ஆகவே நம் நிபந்தனைகளைத் தெளிவாக வைப்போம்.

முதலாவது, இட ஒதுக்கீடு. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற மத்திய ஆயுதப் படைகளில் இட ஒதுக்கீடு உண்டு. ராணுவத்தில் கிடையாது. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு ஜாட், ராஜ்புத், ஜாட் சீக்கியர்களை மட்டும் எடுப்பதை எதிர்த்து நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. புதிதாக ஒரு படை வந்தால் கடைநிலை வீரரிலிருந்து அதிகாரி வரை இட ஒதுக்கீடு வேண்டும். பெண்களுக்கும் வேண்டும்.

இரண்டாவது, சாதிக்கொரு பிரிவு என்ற பேச்சு கூடாது. ஊர்த்தெருப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் ஒரே கூடாரத்தில் தூங்க வேண்டும், ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். பிணம் அள்ளுவதும் மலம் அகற்றுவதும் எல்லோருக்கும் முறைவைத்து வர வேண்டும்.

மூன்றாவது, தாழ்வான குடியிருப்புகளின் வரைபடம் ஒவ்வோர் ஊராட்சியிலும் எழுதி ஒட்டப்பட வேண்டும். தண்ணீர் முதலில் வரும் தெருவுக்கே படகும் முதலில் வர வேண்டும். அது யாருடைய கைகாட்டலுக்கும் காத்திருக்கக் கூடாது.

நான்காவது, கூலியும் பாதுகாப்பும். ஊர்க்காவல் படையினருக்குக் காவலர்களின் குறைந்தபட்ச ஊதியத்துக்கு இணையாகப் படி கொடுக்க வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. அக்னிபத்தில் 4 ஆண்டு வேலை, அதிகபட்சம் 25 விழுக்காட்டினருக்கு மட்டும் நிரந்தரம், மற்றவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. அந்த மாதிரி நமக்கு வேண்டாம். அழைக்கப்படும் நாளுக்கு முழுச் சம்பளம், காப்பீடு, பழைய வேலைக்குத் திரும்பும் உரிமை, இவை சட்டமாக வேண்டும்.

ஐந்தாவது, போராடும் மக்களுக்கு எதிராக இந்தப் படையை இறக்கக் கூடாது என்று அதே சட்டத்தில் எழுத வேண்டும்.

என் சித்தப்பா மகன் ராணுவத்தில் சேருவதற்காகத் தினமும் விடியற்காலை நான்கு மணிக்குப் புறவழிச்சாலையில் ஓடுகிறான். ஏன்டா என்று கேட்டேன். "சீருடை போட்டுட்டு வந்தா ஊர்த்தெருவுல யாரும் என்னை டேய்னு கூப்பிட மாட்டாங்கண்ணே" என்றான். ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் படையில் சேர்ந்த நம் முன்னோரும் இந்த மரியாதையைத் தேடித்தான் போனார்கள். அவர்களைக் கலைத்து அனுப்பியதுபோல் இவனை நான்கு வருடத்தில் அனுப்பிவிடக் கூடாது. இவன் சீருடையோடு திரும்பும்போது, அடுத்த வெள்ளத்தில் படகின் முனையில் நின்று எந்தத் தெருவுக்கு முதலில் போக வேண்டும் என்று சொல்லும் அதிகாரமும் இவன் கையில் இருக்க வேண்டும். அதற்காகப் பேசுவோம், எழுதுவோம், போராடுவோம்.

ஜெய்பீம்.