கணக்கு முடிந்த பிறகு ஒரு கதை



நம்மில் பல பேர் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதே 1990-களில் அறிவொளி இயக்கம் வந்தபோதுதான். பிறகு குழுவில் சேர்ந்தோம். தீர்மானப் புத்தகம், சேமிப்புக் கணக்கு, பாஸ்புக் எல்லாம் படிக்கிறோம். அதெல்லாம் வேலைக்காகப் படிக்கிறது. நம்ம சந்தோஷத்துக்காக ஒரு கதை படிச்சு எத்தனை நாளாச்சு?

டீக்கடையில் ஆம்பளைங்க பேப்பர் படிச்சா அது உலக விஷயம். நாம புத்தகத்தை எடுத்தா, "வேற வேலை இல்லையா?" என்று கேட்பார்கள்.

எங்கள் குழுவில் ஒரு அக்கா இருக்கிறார். கணவர் இறந்த பிறகு கூட்டத்துக்கு வருவாங்க, தவணையைக் கட்டுவாங்க, வாய் திறக்க மாட்டாங்க. எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, "இருக்கேன்" என்பதோடு சரி. ஒரு நாள் கணக்கு முடிந்ததும், நூலகத்திலிருந்து கொண்டுவந்த சிறுகதை ஒன்றைச் சத்தமாகப் படித்தேன். கணவனை இழந்த ஒருத்தி ஆடு வளர்த்துப் பிழைக்கிற கதை. முடிந்ததும் அந்த அக்கா, "அவளுக்கு ராத்திரிதான் ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்" என்றார். கதையில் வருகிறவளைப் பற்றித்தான் பேச ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் தன்னைப் பற்றியே பேசினார். ஆறு மாசமா அடைச்சு வெச்சிருந்தது அன்னைக்குத்தான் வெளியே வந்தது.

நேராகச் சொல்ல முடியாததை அடுத்தவள் கதையாகச் சொல்லிவிடலாம். படிக்கிற நேரத்தில் நம்ம கவலையும் கொஞ்சம் ஓரமாக நிற்கும். ஆனால் கதை கடனை அடைக்காது, மருந்தும் ஆகாது. தூக்கமில்லாமல், சாப்பாடு பிடிக்காமல் வாரக்கணக்கில் கிடந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ச் சொல்ல வேண்டும்.

புத்தகத்துக்குக் காசு எங்கே என்று கேட்கலாம். நாம் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். ஊர் நூலகம் நம் காசில் நடக்கிறது. உரிமையோடு போய் எடுப்போம். 1931-லேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். நமக்கு ஒரு துணிப்பை போதும்.

ஒவ்வொரு கூட்டத்திலும் கணக்கு முடிந்த பிறகு பதினைந்து நிமிடம் ஒதுக்குவோம். தெரிந்தவர் படிக்கட்டும், மற்றவர் கேட்கட்டும். படிக்கத் தெரியாதவங்களும் கதையைப் பற்றிப் பேசலாமே! அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.