ஏல மேடையின் எழுத்தர்



"ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்" என்னும் கூவலைக் கேளாதவர் உங்களுள் மிகச் சிலரே இருப்பர். மீன் கூடையாயினும் புளியந்தோப்புக் குத்தகையாயினும் நம் ஊரில் ஏலம் அந்த மூன்றாம் தரத்தோடு முடிகிறது. இலண்டன் மாநகரிலோ சிறு மரச் சுத்தியலின் ஒரு தட்டோடு முடிகிறது. ஏலம் என்னும் சொல்லே போர்த்துக்கேசியர் வழியாக நமக்கு வந்தது என்பர் சொல்லாராய்ச்சியாளர், அது நிற்க. அந்தச் சுத்தியலுக்கு அருகில் அமர்ந்து பணிபுரியும் எழுத்தர் ஒருவரைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

இலண்டனில் சாதபீசு நிறுவனத்தின் முதல் ஏலம் 1744 ஆம் ஆண்டு நடந்தது, விற்கப்பட்டவை நூல்கள். கிறிசுட்டீசு நிறுவனம் 1766 இல் தோன்றியது. அக்காலந்தொட்டே ஏலம் விடுவோர் அருகில் எழுத்தர் இருப்பது வழக்கம். பொருளின் எண், விழுந்த விலை, எடுத்தவர் யார் என்னும் மூன்றையும் பிழையின்றிக் குறிப்பதே அவர் வேலை. ஏலத்துக்கு வர இயலாதவர், "இத்தனை பவுன் வரை எனக்காகக் கேட்டருள்க" என்று முன்னதாகவே கடிதம் எழுதி வைப்பார். பின்னர்த் தொலைபேசி வந்தது. இந்த நூற்றாண்டிலோ, மண்டபத்தில் நடப்பதை இணையம் வழியே கண்டும் கேட்டும், இருந்த இடத்திலிருந்தே அந்த நொடியிலேயே விலை கேட்கும் முறை பரவிவிட்டது.

இதனை 1995 இல் தோன்றிய ஈபே போன்ற தளங்களின் ஏலத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே குறித்த நேரம் முடிந்தவுடன் பொறியே தீர்ப்புக் கூறிவிடும், எழுத்தர் வேண்டியதில்லை. நான் சொல்லும் ஏலத்திலோ மண்டபத்தில் மனிதர் இருக்கின்றனர்; மேடைமேல் மனிதர் ஒருவர் விலை கூறுகின்றார். மண்டபத்தையும் இணையத்தையும் இணைக்க ஓர் ஆள் வேண்டும். அவரே இன்றைய எழுத்தர்.

அவர்முன் கணிப்பொறி ஒன்று இருக்கும். ஒரு பழைய கடிகாரம் ஏலத்துக்கு வருகிறது எனக் கொள்வோம். மண்டபத்தில் ஒருவர் நூறு பவுன் என்று கை உயர்த்துகிறார். உடனே எழுத்தர் "மண்டபக் கேள்வி" என்னும் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் தொலைவில் உள்ளோர் திரையில் அடுத்த விலையாகிய நூற்றுப்பத்து தோன்றும். அவர்களுள் ஒருவர் அதனை ஏற்றால், எழுத்தர் "இணையம்!" என்று உரக்கக் கூறி மேடைக்கு அறிவிப்பார். மண்டபத்தில் யாரேனும் திடீரென நூற்றைம்பதுக்குத் தாவினால் திரையின் விலையும் அக்கணமே தாவ வேண்டும். விரைவாக நடக்கும் ஏலத்தில் மணிக்கு நூறு பொருள்கள்வரை விற்பனையாகும். அவ்வாறாயின் ஒரு பொருளுக்குக் கிடைப்பது முப்பத்தாறு நொடி! கணக்குப் பாடத்தை வெறுக்கும் மாணவர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

இதில் ஓர் இடர் உண்டு. மண்டபத்தின் காட்சியும் ஒலியும் தொலைவில் உள்ளவரைச் சென்றடையச் சில நொடிகள் தாமதமாகலாம். "இன்னும் நேரம் இருக்கிறது" என்று அவர் எண்ணியிருக்கையில் இங்கே சுத்தியல் விழுந்துவிடும். விழுந்தால் விற்பனை முடிந்தது. பிரித்தானியச் சட்டமும் நம் நாட்டின் 1930 ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டமும் இதில் ஒன்றே கூறுகின்றன: சுத்தியல் விழும்வரை கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம்; விழுந்தபின் ஒப்பந்தம் உறுதியாகிவிடும். இணையத் தடையால் ஒருவருடைய கேள்வி வந்து சேராவிடின் தாங்கள் பொறுப்பல்லர் என்று ஏல நிறுவனங்கள் பல தம் விதிகளில் எழுதியும் வைத்துள்ளன. அவ்விதி எனக்கு உவப்பானதன்று. ஆயினும் நிலைமை அதுவே. ஆகவே, கண்ணுக்குத் தெரியாத அந்த மனிதருக்கு அம்மண்டபத்தில் உள்ள ஒரே துணை எழுத்தரின் விழிப்புத்தான். நல்ல எழுத்தர் திரையில் ஒரு கண்ணும் மேடையில் ஒரு கண்ணும் வைத்திருப்பார். ஐயம் தோன்றினால் கை உயர்த்திச் சுத்தியலை ஒரு நொடி நிறுத்தச் செய்வார். அவ்வாறு நிறுத்துவதற்குத் துணிவும் வேண்டும். மேடைமேல் இருப்பவர் அவருக்கு மேலானவர் அல்லரோ?

வாயடக்கமும் வேண்டும். முன்கூட்டியே எழுதிக் கொடுத்தவர் எதுவரை செல்வார், விற்பவர் எதற்குக் கீழ் விற்க மாட்டார் என்பவை பல வேளை எழுத்தருக்குத் தெரிந்திருக்கும். அவற்றுள் ஒன்றை ஒரு நண்பரின் காதில் ஓதினாலும் ஏலம் ஏலமாக இராது, ஏமாற்றாகிவிடும்.

இப்பணியின் அளவைப் பெருந்தொற்றுக் காலம் காட்டிற்று. 2020 சூன் 29 அன்று சாதபீசு நிறுவனத்தார் நடத்திய ஏலத்தில், மேடையில் நின்றவர் இலண்டனில் திரைகளை நோக்கியே விலை கூறினார். எதிரே வழக்கமான கூட்டம் இல்லை. பிரான்சிசு பேக்கன் வரைந்த மூவோவியம் ஒன்று, தரகும் சேர்த்து 8 கோடியே 46 இலட்சம் டாலருக்குப் போயிற்று. இணையம் வழியே கேட்ட ஒருவர் 7 கோடி டாலரையும் கடந்து சென்று, தொலைபேசி வழியே கேட்டவரிடம் அதனை இழந்தார்.

இவ்வளவு பெரிய தொகையாயினும், நூறு பவுன் கடிகாரமாயினும், கடைசிச் சுத்தியல் ஒலித்தபின் எழுத்தர் உடனே எழுந்து செல்வதற்கில்லை. மேடைக் குறிப்பேட்டையும் கணிப்பொறிப் பதிவையும் அருகருகே வைத்து, ஒவ்வோர் எண்ணாக ஒத்துப் பார்க்க வேண்டும். எங்கேனும் ஓர் எண் மாறியிருப்பின், பொருள் கைமாறுமுன் அதனைக் கண்டுபிடித்தாக வேண்டும். அதற்குள் கூட்டம் கலைந்திருக்கும். நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருப்பார்கள்.