முதலாம் ஆண்டும் வாடகையும்

தோழர்களே, ஒக்டோபர் முடியேக்கதான் புதுப் பிள்ளையள் கனபேர் சோர்ந்துபோகினம். "மூச்சுப் பயிற்சி செய்" எண்டு மின்னஞ்சல் வரும். செய்யுங்கோ, கூடாதெண்டில்லை. ஆனால் 1998 வரை இங்கிலாந்தில் உள்ளூர் மாணவருக்குக் கட்டணமே இல்லை. 2012இல் அது 9,000 பவுண்ஸ் வரை போனது. விசாவில் வந்த பிள்ளைக்கு அதைவிடக் கூட. தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யவும் ஏலாது. நித்திரை எங்கால வரும்?

2020 நவம்பரில் மன்செஸ்டர் மாணவர் விடுதிகளைச் சுற்றி வேலி போட்டார்கள். பிள்ளையள் அன்றிரவே பிடுங்கி எறிஞ்சினம். வாடகை கட்ட மறுத்து, 30 சதவீதம் குறைக்கவும் வைச்சினம். ஒருத்தரையொருத்தர் சரியாத் தெரியாமல் அறைக்குள்ள அடைபட்டுக் கிடந்தவைதான் அவை.

"எல்லாம் நல்லம் அம்மா" எண்டு போனில் சொல்லுறது எங்கட பழக்கம். பக்கத்து அறைக்காரரிட்டயாவது உண்மையைச் சொல்லுங்கோ. அவையின்ர வாடகை எவ்வளவு எண்டும் கேளுங்கோ.