கொடையும் கொள்கையும்

கல்லூரியில் வேதியியல் பயிலும் மாணவர் ஒருவர் சில நாட்களுக்கு முன் என் இல்லத்திற்கு வந்தார். முதன்மைப் பாடத்தோடு துணைப்பாடம் ஒன்றையும் அவர் தேர்ந்துகொள்ள வேண்டும். பட்டியலில் ‘பொதுக்கொள்கை’ என்றொரு பாடம் இருந்தது. “அது ஆட்சி செய்வோர் படிக்க வேண்டியது அல்லவா, ஐயா? வேதியியல் படிப்பவனுக்கு அதனால் என்ன பயன்?” என்று கேட்டார். அவருக்குச் சொன்ன விடையையே இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட பாட அமைப்பு, மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் ஐந்தில் ஒரு பங்கைத் துணைப்பாடத்திற்கு ஒதுக்க இடந்தருகிறது. அப்பங்கை எதற்குச் செலவிடுவது என்பது எளிய கேள்வியன்று.

எங்கள் கோட்டையூரில் 1909இல் பிறந்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். 1947இல் காரைக்குடியில் கல்லூரி கண்டவர். அவ்வூரில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அமைவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் ஈந்தார். 1948ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் பண்டித நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார்.

இதனை வள்ளன்மையின் வரலாறாகவே நாங்கள் சொல்லிவருகிறோம், அது தகும். எனினும் அதில் மற்றொரு பாதியும் உண்டு. நாடெங்கும் தேசிய ஆய்வகங்களை நிறுவுவது என்று அரசு ஒரு கொள்கை வகுத்திருந்தது. அக்கொள்கை இல்லையேல் அக்கொடைக்கு ஏற்ற இடம் வாய்த்திராது. வள்ளல் 1957இல் மறைந்தார். நிறுவனமோ இன்றும் இயங்குகிறது. கொடை ஒருவரது உள்ளத்தில் பிறக்கிறது. அவர் காலத்திற்குப் பின்னும் அது நிலைக்க வேண்டுமாயின் சட்டமும் நிதியும் பொறுப்பான ஆட்களும் வேண்டும். இவற்றை அமைப்பதும், அமைத்தவை பயன் தருகின்றனவா என்று ஆராய்வதுமே பொதுக்கொள்கை என்னும் பாடம்.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதை நான் என் தவற்றினால் கற்றேன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரின் நடுநிலைப் பள்ளியில் பணியாற்றினேன். எட்டாம் வகுப்பில் முதல் மாணவியாகத் தேறிய பெண், ஒன்பதாம் வகுப்பில் சேரவில்லை. அவள் தந்தையாரிடம் சென்று பெண்கல்வியின் பெருமையை ஒரு மணி நேரம் எடுத்துரைத்தேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, “அந்தப் பள்ளிக்கூடம் ஐந்து கல் தொலைவு, வாத்தியார் ஐயா. வழியெல்லாம் பொட்டல். காலையில் பஸ்ஸும் இல்லை. யாரை நம்பி அனுப்புவது?” என்றார். குறை அவர் மனத்தில் இருப்பதாக நான் எண்ணியிருந்தேன். அது தொலைவில் இருந்தது. அப்பெண் மீண்டும் பள்ளிக்கு வரவில்லை.

பின்னர் நம் மாநிலத்தில் மேல்நிலை வகுப்பு மாணவருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டம் வந்தது. பீகாரிலோ 2006இல், ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்கு மிதிவண்டி வாங்கப் பணம் வழங்கினார்கள். பெண்கள் பள்ளிக்கு வருவது பெருகிற்று. மிதிவண்டியால்தான் பெருகிற்று என்று எப்படிச் சொல்வது? நாடு வளர்ந்ததனால் தானாகவே பெருகியிருக்கலாம் அன்றோ?

கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் இதனை ஆராய்ந்தனர். பீகாரின் பெண்களை அம்மாநிலத்து ஆண்பிள்ளைகளோடு ஒப்பிட்டனர். 2000இல் பீகாரிலிருந்து பிரிந்ததும், அத்திட்டம் இல்லாததுமான ஜார்க்கண்டின் பிள்ளைகளோடும் ஒப்பிட்டனர். உரிய வயதில் உயர்நிலை வகுப்பில் சேரும் பெண்கள் 32 விழுக்காடு மிகுந்திருந்தனர். அம்மிகுதி பெரும்பாலும் பள்ளிக்குத் தொலைவான ஊர்களிலேயே காணப்பட்டது. அவர்களது ஆய்வு 2017இல் வெளியாயிற்று. அதனைப் படித்தபோது அந்தத் தந்தையாரின் சொற்களே என் நினைவில் எழுந்தன.

அவ்வாய்வு மற்றொன்றையும் மறைக்காமல் சொல்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய பெண்கள் 18 விழுக்காடு கூடினர். தேறியவர்களோ 12 விழுக்காடே கூடினர். மிதிவண்டி பள்ளிவாயில் வரை கொண்டு சேர்க்கும். வகுப்பறைக்குள் நடப்பதற்கு வேறு வழி தேட வேண்டும். எங்கள் பக்கத்து வணிகர் ஐந்தொகை போட்டுப் பற்றையும் வரவையும் சரிபார்ப்பார்கள். பொதுப்பணத்திற்கும் அத்தகைய ஐந்தொகை வேண்டும்.

ஆகவே இப்பாடம் நான்கு கேள்விகளைக் கேட்கப் பழக்குகிறது. உண்மையான குறை எது? அதனைத் தீர்க்கும் வழிகள் எவை? செலவு யாருடையது, பயன் யாருக்கு? பயன் விளைந்தது என்பதற்குச் சான்று என்ன? இவற்றிற்கு விடைகாணப் பொருளியலும் ஆட்சியியலும் புள்ளியியலும் துணைசெய்யும்.

இதனை ஏன் துணைப்பாடமாகக் கொள்ள வேண்டும்? சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் கலக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீரில் என்ன கலந்துள்ளது என்பதை வேதியியல் சொல்லும். அதனைத் தடுக்கும் செலவைப் பட்டறைக்காரர் ஏற்பதா, அரசு ஏற்பதா, வேலையிழக்கும் தொழிலாளிக்கு என்ன வழி என்பவற்றை வேதியியல் சொல்லாது. வேதியியல் அறியாமல் கொள்கை மட்டும் கற்றவர்க்கோ நோயே விளங்காது. ஒரு துறையில் ஆழமும், அத்துறை மக்களைச் சென்றடையும் வழியைப் பற்றிய அறிவும் ஒருவரிடமே சேர்வது நலம்.

உங்கள் கல்லூரியில் இப்பாடம் இல்லையெனினும் சோர்வுற வேண்டா. உங்கள் ஊருக்கு வந்த திட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு அந்நான்கு கேள்விகளையும் கேளுங்கள். கிராமசபை கூடும் நாளில் சென்று அமருங்கள். பேசுவதற்கு முன், என்னைப் போலன்றி, அந்தத் தந்தையாரைப் போன்றவர் சொல்வதை முதலில் கேளுங்கள்.

வேதியியல் மாணவர் விடைபெறும்போது, “எங்கள் தெரு ஊருணியிலிருந்து தொடங்கட்டுமா, ஐயா?” என்றார். தொடங்குங்கள் என்றேன்.