பரண்மேற் கலங்கள்



காரைக்காலிலிருந்து திருநள்ளாற்றைக் கடந்து செல்லுவோர், பத்திரகாளியம்மன் கோயிலாற் பெயர்பெற்ற அம்பகரத்தூரை அறிவர். அவ்வூரில் எங்கள் முன்னோர் வாழ்ந்த ஓட்டுவீட்டைப் பிரிக்கும் வேலை சென்ற ஆண்டு தொடங்கியது. பரணிலிருந்து இறக்கிய பாத்திரங்கள் தாழ்வாரம் முழுவதையும் அடைத்துக்கொண்டன. செய்தி எப்படித்தான் பரவியதோ, பழைய பாத்திரம் வாங்குபவர் தராசுடன் வந்து திண்ணையில் அமர்ந்துவிட்டார். பித்தளை ஒரு குவியல், செம்பு ஒரு குவியல், வெண்கலம் ஒரு குவியல் எனப் பிரிப்பது அவருக்கு எளிய வேலை. தராசு எந்தப் பொருளின் பெயரையும் கேட்பதில்லை அன்றோ? பெயர் கேட்டவன் நான் ஒருவனே. அங்கே கிடந்தவற்றுட் பாதிக்கு எனக்குப் பெயர் தெரியவில்லை.

பெயரில்லாத பொருள்களைக் கண்டபோது, பொருளில்லாத பெயர்கள் என் நினைவுக்கு வந்தன. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வழங்கிய பொற்கலங்களை அக்கோயிற் கல்வெட்டுகள் பெயரோடும் எடையோடும் பட்டியலிடுகின்றன. தளிகை, மண்டை, படிக்கம், கலசம் என்னும் பெயர்கள் கல்லில் நிலைத்தன, பொன் போய்விட்டது. எங்கள் வீட்டிலோ உலோகம் இருந்தது, பெயர்தான் போயிருந்தது.

தொண்ணூறு வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் என் அத்தையை அழைத்து வந்து நாற்காலியில் அமர்த்தினோம். அவர் கலத்தை உற்றுப் பார்த்துப் பெயரைத் தேடவில்லை. கையில் எடுத்தார், அதனைக் கொண்டு செய்யும் வேலையைக் காற்றிலே செய்து காட்டினார், அதன்பிறகே வாய் பெயரைச் சொல்லியது. சங்குபோற் குவிந்து ஒரு பக்கம் மூக்கு நீண்ட சிறு வெள்ளிக் கலத்தை எடுத்தவர், இடக்கையை மடியில் வளைத்துக் கொண்டார். குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை அது என்று அவர் சொல்லுமுன்பே எங்களுக்கு விளங்கிவிட்டது. பக்கவாட்டில் மூக்குடைய மற்றொன்றை உதட்டிற்குமேல் உயர்த்திப் பிடித்தார்: வாயிற் படாமல் நீர் அருந்தும் கெண்டி. கைக்கு உள்ள நினைவு நாவுக்கு இல்லை போலும்.

அவரிடம் நான் கற்ற மற்றொன்று, பாத்திரத்தின் உட்புறத்தைப் பார்ப்பது. பித்தளைக் கலத்தின் உள்ளே வெண்மை படர்ந்திருந்தால், நவச்சாரம் இட்டு ஈயம் பூசியிருக்கிறார்கள் என்று பொருள். புளி சேர்ந்த உணவு பித்தளையோடு கலந்து களிம்பேறாதிருக்கச் செய்த காவல் அது. பூச்சில்லாத கலம் பெரும்பாலும் நீருக்கோ தானியத்துக்கோ உரியது.

அளவைகளை அறிய அரிசியே போதும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. இப்படி இரட்டிப்பாக ஏறுவதால், ஒன்றின் பெயர் தெரிந்தால் மற்றவை தாமே வரிசையில் நிற்கும். ஆனால் எங்கள் பரணிலிருந்து வந்த இரண்டு படிகளுள் ஒன்று மற்றதைவிட ஒரு கைப்பிடி அரிசி கூடுதலாகக் கொண்டது. வாங்கும்போது எந்தப் படி, கொடுக்கும்போது எந்தப் படி என்று நான் கேட்டேன். அத்தை விடை கூறவில்லை, சிரித்தார்.

அத்தையின் கைக்கும் அகப்படாத பொருள்கள் சில இருந்தன. விரல் நீளமுள்ள கம்பிகள், இரு முனையிலும் பெருக்கற்குறி போன்ற கால்கள், மொத்தம் பன்னிரண்டு. சிறுவயதில் நாங்கள் அவற்றை மாடுகளென்று நிறுத்தி வைத்து விளையாடியதுண்டு. காரைக்கால் 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த ஊர் என்பதை நீங்கள் அறிவீர்கள். அக்காலத்தில் இப்பகுதியினர் பலர் சைகோனுக்குப் பணிசெய்யச் சென்றனர். எங்கள் சின்னத் தாத்தாவும் சென்று மீண்டவர். ஆகவே கம்பிகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சிறு சதுரத்துக்குள் எழுத்துகள் தெரிந்தன. முழு வெள்ளியாற் செய்த பிரெஞ்சுப் பொருளாயின் செய்தவர் முத்திரை சாய்சதுரத்துக்குள் இருக்கும். 1838-க்குப் பிற்பட்டதாயின் மினர்வா என்னும் தெய்வத்தின் தலையுருவும் இருக்கும். சதுரம் வெள்ளிமுலாம் பூசியதற்கு அடையாளம். பொருளோ, உணவு மேசையிற் கத்தியைச் சாய்த்து வைக்கும் தாங்கி. ஒரே கத்தியை அடுத்தடுத்த உணவுக்கும் வைத்துக்கொள்ளும் வழக்கத்தில், மேசைவிரிப்பு கறைபடாதிருக்க இது வேண்டும். வாழையிலையில் உண்ட எங்கள் வீட்டில் அதற்கு வேலையே இல்லை, மாடாகிவிட்டது!

கடல் கடந்து வந்த கலத்தை இனங்காண்பது வரலாற்றையே மாற்றியதும் உண்டு. 1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்து அலமாரி ஒன்றிற் கிடந்த உடைந்த சாடித் துண்டைக் கண்டார். மத்தியதரைக் கடல் நாட்டார் மதுவும் எண்ணெயும் ஏற்றியனுப்பிய ஆம்போரா என்னும் சாடியின் துண்டு அது என்று அவர் கண் அறிந்துகொண்டது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டிலிருந்து வந்தது அத்துண்டு. 1945-இல் அங்கே அவர் அகழ்ந்தபோது, இத்தாலிய நாட்டுச் சிவப்புத் தட்டுகளின் உடைசல்களும் கிடைத்தன. உண்ணும் தட்டைக் கொண்டே காலத்தைக் கணித்து, உரோமானியரோடு நடந்த வாணிகத்தை மண்ணிலே காட்டினார்.

இனி, என்னை உறங்கவிடாத கலத்துக்கு வருகிறேன். தலைப்பேறு எதிர்நோக்கியிருந்த என் மகள், ‘கொள்ளுப்பாட்டியின் ஈயச்சொம்பு எனக்கு வேண்டும்’ என்று கேட்டாள். இரசம் அதில் கொதித்தால் வரும் மணம் வேறெதிலும் வராதென்பது எங்கள் குடும்ப நம்பிக்கை. பழைய சொம்பு கிடைப்பதற்குமுன் அவள் திருவிழாக் கடையொன்றில் புதிதாக ஒன்று வாங்கியிருந்தாள். இரண்டையும் அருகருகே வைத்தோம். அத்தை பழையதைத் தூக்கினார். புதியதைத் தூக்கியவர் உடனே கீழே வைத்துவிட்டார்.

“ஏண்டா அப்பா, இது இவ்வளவு கனக்கிறதே! இதிலா பிள்ளைத்தாய்ச்சிக்கு இரசம் வைக்கிறீர்கள்?” என்றார்.

ஈயம் என்ற ஒரு சொல் நம் மொழியில் இரண்டு உலோகங்களைச் சுமக்கிறது. வெள்ளீயம் உணவுக்கு ஆகும், காரீயம் நஞ்சு. புளிப்பிற் கரைந்து உணவிலே கலந்து, வயிற்றிலுள்ள சிசுவின் மூளைவளர்ச்சியையும் அது கெடுக்கும். கண்ணுக்கு இரண்டும் உடன்பிறந்தவைபோற் தோன்றும். வெள்ளைத் தாளில் தேய்த்தால் காரீயம் கரிக்கோலைப் போலக் கோடிழுக்கும். புதிய சொம்பு கோடிழுத்தது.

அதுமட்டும் போதாதென்று, ஆர்க்கிமிடீசின் முறையையும் கையாண்டேன். உங்கள் பள்ளி ஆய்வகத்திலும் இதைச் செய்யலாம். பழைய சொம்பின் எடை 880 கிராம். விளிம்புவரை நீர் நிரம்பிய வாளியில், காற்றுக் குமிழி தங்காமல் அமிழ்த்தியபோது வழிந்த நீர் 120 மில்லிலிட்டர். வகுத்தால் 7-க்குச் சற்று மேல். வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3. புதியதன் எடை 1,010 கிராம். வழிந்த நீரோ 90 மில்லிலிட்டரே. 11-ஐத் தாண்டிவிட்டது, காரீயத்தின் அடர்த்தி 11.3. அந்தச் சொம்பில் நான்கு நாள் இரசம் வைத்திருக்கிறாள். அன்றே மருத்துவமனைக்குச் சென்று குருதியைச் சோதித்தோம். அச்சத்துக்கு இடமில்லை என்று மருத்துவர் சொன்னபின்னரே எனக்கு உணவு இறங்கியது.

பழைய சொம்பையும் அத்தை எச்சரிக்கையோடுதான் கொடுத்தார்: “அம்மா, வெறுஞ்சொம்பை அடுப்பிலே ஏற்றாதே, முதலில் தண்ணீரை ஊற்று.” நீர் இருக்கும்வரை வெப்பம் 100 பாகையை ஒட்டியே நிற்கும்; வற்றினால் ஏறும்; 232 பாகையில் வெள்ளீயம் உருகிவிடும். இந்த எண்களெல்லாம் அத்தைக்குத் தெரியா. ஆனால் புதிதாக வந்த மருமகள் ஒருத்தி அடுப்பிலேற்றிய சொம்பு சாம்பலில் உருண்டைகளாகக் கிடந்ததை அவர் சிறுமியாக இருந்தபோது கண்டிருக்கிறார்.

மாலையில் தராசுக்காரர், பெயர் கிடைத்தவற்றை எங்களிடம் விட்டு, ஓட்டையும் உடைசலுமானவற்றை எடுத்துச் சென்றார். எஞ்சியது ஒன்று: உள்ளங்கையளவு வெண்கலக் கலம், மூன்று குறுங்கால்கள், அடியில் ஊசித்துளை ஒன்று. அத்தை அதைக் கையிலேந்திப் பலவாறு திருப்பினார். கை ஒரு வேலையும் செய்யவில்லை.

“இது எங்கள் அம்மாவுக்குத்தான் தெரியும், தம்பி” என்றார்.

அவருடைய தாயார் மறைந்தது 1961-இல். அந்தக் கலம் என் எழுதுமேசைமேல் இருக்கிறது.