நாற்காலிக்கு அடியில் இருக்கும் இடம்

மேசை என்றால் என்ன? நாலு கால், ஒரு பலகை என்று சட்டென்று சொல்லிவிடலாம். பலகைக்குக் கீழே காலை நீட்ட இடமில்லை என்றால் அதை யாராவது வாங்குவார்களா? அந்த வெற்றிடத்துக்கு எந்தத் தச்சரும் கூலி கேட்பதில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் மேசை வெறும் பெட்டி. இருபதாம் நூற்றாண்டுச் சிற்பிகள் சிலர் அந்த இடத்தில்தான் கை வைத்தார்கள்.

முதலில் ரிச்சர்ட் ஆர்ட்ஷ்வாகர். அமெரிக்கர். நியூயார்க்கில் மரச்சாமான் பட்டறை நடத்திப் பிழைத்தவர். 1958இல் பட்டறை தீயில் போயிற்று. கடன் வாங்கி மறுபடியும் இழைப்புளியைக் கையில் எடுத்தார். கப்பல்களுக்குச் சிறு பலிபீடங்கள் செய்துதரச் சொல்லி 1960 வாக்கில் வந்த வேலை, பொருளுக்குப் பயன்பாட்டைத் தாண்டியும் ஓர் இருப்பு உண்டு என்று அவரை யோசிக்க வைத்தது.

1964இல் அவர் செய்ததுதான் 'இளஞ்சிவப்பு விரிப்புள்ள மேசை'. சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் அது எல்லாப் பக்கமும் அடைத்த பெட்டி. மேலே ஒட்டியிருப்பது ஃபார்மைக்கா. நம் வீட்டு அலமாரிக் கதவில் ஆசாரி ஒட்டுகிறாரே, அந்தச் சன்மைக்கா ரகம். மரநிறத் தகடு காலாக நடிக்கிறது, இளஞ்சிவப்புத் தகடு துணியாக நடிக்கிறது. கறுப்புத் தகட்டுக்குத்தான் பெரிய வேடம்: கால்களுக்கு நடுவே உள்ள வெறும் இடமாக அது நடிக்கிறது! உட்காரப் போனால் முழங்கால் இடிக்கும். மரம் போல அச்சடித்த தகட்டை மரத்தின் மேலேயே ஒட்டிய குறும்பு வேறு.

புரூஸ் நாமன் சுற்றி வளைக்கவில்லை. 1960களில் தன் நாற்காலிக்கு அடியில் இருந்த இடத்தையே கான்கிரீட்டில் வார்த்துவிட்டார். யாரும் சொல்லாவிட்டால் அது சும்மா ஒரு கட்டிதான்.

அந்த யோசனையை 1995இல் இங்கிலாந்தின் ரேச்சல் வைட்ரீட் நூறாகப் பெருக்கினார். இந்த முறை கான்கிரீட் இல்லை, வண்ண வண்ணமான பிசின். வெளிச்சம் உள்ளே புகுந்து வெளியே வருகிறது. நாற்காலியின் காலும் குறுக்குச் சட்டமும் இருந்த தடம் ஒவ்வொன்றின் ஓரத்திலும் பள்ளமாகத் தெரிகிறது. நாமனிடம் இருந்தது யோசனை. வைட்ரீட்டிடம் கூட்டம் இருக்கிறது. வரிசை வரிசையாக நிற்கும் அந்தக் கட்டிகளைப் பார்த்தால், எழுந்து போனவர்கள் யார் என்று கேட்கத் தோன்றும்.

கொலம்பியாவின் டோரிஸ் சால்செடோவுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். உள்நாட்டு வன்முறையில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்களைத் தேடிப் போய்ப் பேசியவர் அவர். பழைய மர அலமாரிகளையும் நாற்காலிகளையும் எடுத்து உள்ளே கான்கிரீட்டை நிரப்பினார். சிலவற்றில் உடுப்புகளும் அதோடு இறுகிக் கிடக்கின்றன. 2003இல் இஸ்தான்புல்லில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே 1,550 நாற்காலிகளை மலையாகக் குவித்ததும் அவரேதான். பிரம்மாண்டம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த அலமாரிகளுக்கு அடுத்துத்தான் அதற்கு இடம். குவியலிலிருந்து ஒரு நாற்காலியை உருவினால் உட்காரலாம். அலமாரியில் இனி ஒரு சட்டையைக்கூட மாட்ட முடியாது.